தேதி போடாத தாள்

மகனே,

நலமா என்று கேட்க வேண்டிய அவசியமில்லை. நீ மாடியில் ஃபேனுக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் கீழே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். படி ஏறி வந்து நேரிலேயே சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "அதெல்லாம் அந்தக் காலம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொள்வாய். எழுதி வைத்தால் நடுவில் பேச முடியாது. இதை உறையில் போட்டு ஒட்டப் போவதும் இல்லை, மேசை மேலேயே விரித்து வைக்கப் போகிறேன். உன் அப்பா படிக்கட்டும். அடுத்த மாதம் மருமகளாக இந்த வீட்டுக்கு வரப்போகிற மீனாவும் வேண்டுமானால் வந்து படிக்கட்டும். அவள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமும் இதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ கம்பெனி வேனில் வந்து இறங்கி, ஷூவைக்கூடக் கழற்றாமல் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்கள் கம்பெனியில் காருக்கு ஒயர் கட்டுகிற புதுப் பிரிவு திறக்கிறார்களாம். நாற்பது பெண்களை வேலைக்கு எடுக்கிறார்களாம். அவர்கள் சேருகிற அன்று கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை நீயே தமிழில் தயார் செய்திருக்கிறாயாம். அம்மாவுக்குத்தான் தமிழ் நன்றாக வரும், தப்பு இருந்தால் திருத்திக் கொடு, திங்கட்கிழமை ஜெராக்ஸ் போட வேண்டும் என்றாய். மொத்தம் நான்கு தாள். முதலாவது விண்ணப்பம். இரண்டாவது கம்பெனி விதிகள். மூன்றாவது சீருடை வாங்கிக்கொண்டதற்கான ரசீது. நான்காவது தாளில் இரண்டே வரி. "எனது சொந்தக் காரணங்களை முன்னிட்டு, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன் எனது வேலையை ராஜினாமா செய்கிறேன்." கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு, தேதிக்கு ஒரு கோடு. தேதியைக் கோடு போட்டுக் காலியாக விட்டிருக்கிறாயே, இது எதற்கு என்று கேட்டேன். நீ வெட்கமே இல்லாமல் பதில் சொன்னாய்.

"சும்மா ஒரு சேஃப்டிக்கும்மா. கல்யாணம், குழந்தைன்னு ஆச்சுன்னா லைன் நின்னுடும்ல? தேதி மட்டும் காலியா இருக்கணும், தேவைப்பட்டா நாங்க போட்டுப்போம். எல்லா கம்பெனியிலயும் இருக்கு. இது கன்சல்டண்ட் குடுத்த ஃபார்மேட்."

வேலையில் சேருகிற அன்றே வேலையை விடுவதாக எழுதி வாங்குகிறீர்கள். இதற்குப் பெயர் மனிதவளமாம். எங்கள் காலத்தில் பர்சனல் டிபார்ட்மென்ட் என்று ஒரு சுமாரான பெயர் இருந்தது. அதை மாற்றி இந்தப் பெயரை வைத்திருக்கிறீர்கள். மண்வளம், நீர்வளம் என்பார்கள், எவ்வளவு எடுக்க முடியும் என்று பார்ப்பதற்கு. போன மாதம் உங்களையெல்லாம் மகாபலிபுரம் பக்கம் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக விழுந்தால் கூட வேலை செய்பவர்கள் தாங்கிப் பிடிப்பார்களாம், அதனால் நம்பிக்கை வளருமாம். இருபத்தாறு வயதுப் பிள்ளை பலூன் ஊதிப் பரிசு வாங்கிக்கொண்டு வந்தாய். வந்ததும் "கம்பெனிங்கறது ஒரு குடும்பம்மா" என்றாய். நம் குடும்பத்தில் நீ பிறந்த அன்றைக்கே வீட்டை விட்டுப் போவதாக உன் பெருவிரல் ரேகையை நாங்கள் வாங்கி வைக்கவில்லை.

அந்த ஃபார்மேட்டை உன் கன்சல்டண்டுக்கு யார் கொடுத்தார்கள் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதை எழுதியவளே நான்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பதினாறு வருடம் வேலை பார்த்த காயில் கம்பெனியில், என் டைப்ரைட்டரில், ஒரு மதியம் கால் மணி நேரத்தில் அடித்தது அது. "முழு மனதுடன்" என்ற இரண்டு சொல்லையும் நானே யோசித்துச் சேர்த்தேன். எங்கள் மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "முழு மனதுடன், பிரமாதம்மா, இதை உடைக்கவே முடியாது" என்று பாராட்டினார். பிறகு எஸ்டேட்டில் தெருவுக்குத் தெரு இருந்த கம்பெனிகளின் பர்சனல் ஆட்கள் டீ குடிக்கிற இடத்தில் சந்தித்து, ஊறுகாய் செய்முறை கேட்பதைப் போல ஒருவருக்கொருவர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இத்தனை வருடம் கழித்து அது கை மாறிக் கை மாறி, ஒரு எழுத்துக்கூட மாறாமல், என் மகன் கையிலேயே என் வீட்டுக்கு வந்திருக்கிறது. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பு சரியில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய்.

அந்த மேனேஜரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் சாமான் வழங்குகிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். எல்லோரும் மேஜர் என்றுதான் கூப்பிடுவோம். மீசையும் மினுமினுக்கிற ஷூவும் தவிர அவரிடம் வேறு ஒன்றும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. சட்டப் புத்தகம் ஒன்று மேசை மேல் எப்போதும் இருக்கும், அதன் மேல் டீ டம்ளரை வைப்பார். பட்டாபிராமிலிருந்தும் ஆவடியிலிருந்தும் வேலைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் என்னோடு ஒரே ரயிலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வருவார்கள். ரயில் தாமதமானால் ஐந்து நிமிடத்தில் கேட்டை மூடி, அவர்களுக்கு அரை நாள் ஆப்சென்ட் போடச் சொல்வார். ரயில் லேட் சார் என்றால், ரயில் நம்ம ஸ்டாஃப் இல்லையே என்பார். அதே ரயிலில் வந்த நான் ஸ்டாஃப் என்பதால் நேராக உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் பெயருக்கு எதிரே அரை நாள் ஆப்சென்ட் எழுதுவேன். யோசனைப் பெட்டி என்று ஒன்றைச் சுவரில் மாட்டினார். மாதம் ஒரு தடவை நான் அதைத் திறந்தால் மிட்டாய்க் காகிதமும், பஸ் டிக்கெட்டும் கிடக்கும். தொழிலாளர்களுக்கு யோசிக்கத் தெரியவில்லை என்று வருத்தப்படுவார்.

அந்தக் கம்பெனியில் காயில் சுற்றுகிற பிரிவு முழுக்கப் பெண்கள். தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பி, ஆண்கள் சுற்றினால் அறுந்துபோகும். அத்தனை பெண்கள் வேலை செய்தால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை வேண்டும் என்று சட்டம். அறை இருந்தது. அதில் கம்பிச் சுருள்களை அடுக்கி வைத்திருந்தோம். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் சுருள்களை வெளியே உருட்டிவிட்டு, தொட்டில் ஒன்றைத் தொங்கவிட்டு, இரண்டு பொம்மைகளையும் வைப்போம். அந்தப் பொம்மைகள் உன்னுடையவை. நான்தான் வீட்டிலிருந்து கொண்டுபோனேன். குழந்தை எங்கே என்று கேட்டால், இங்கே யாருக்கும் இன்னும் கல்யாணமே ஆகவில்லை சார் என்று மேஜர் பெருமையாகச் சொல்வார். அது உண்மைதான். ஏனென்றால் கல்யாணம் ஆனால் அந்தத் தாளில் தேதி ஏறிவிடும்.

எப்படி ஏறும் என்று கேள். கல்யாணம் நிச்சயமானதும் அந்தப் பெண் தன் அப்பா அம்மாவோடு ஆபீசுக்கு வருவாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், மேலே பத்திரிகை. குலதெய்வத்துக்கு வைத்த கையோடு நேரே இங்கேதான் வருகிறோம் சார் என்பார்கள். சோறு போட்ட இடத்துக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்தால் மரியாதை இல்லை என்பது அவர்கள் நினைப்பு. மேஜர் எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொள்வார். கம்பெனி சார்பாக ஒரு சுவர்க்கடிகாரம் கொடுப்பார், கண்கலங்கக்கூடச் செய்வார். அவர்கள் படி இறங்கியதும் பத்திரிகை என் மேசைக்கு வரும். நான் பீரோவைத் திறந்து, அந்தப் பெண்ணின் தாளை எடுத்து, முகூர்த்தத்துக்கு முதல் நாள் தேதியைப் போடுவேன். மரியாதை செய்ய வந்தவர்களின் மரியாதையை வைத்தே அவர்கள் பெண்ணின் வேலையைப் பறித்தோம். பழத்தை ஸ்டாஃப் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வோம்.

இரண்டு மூன்று கல்யாணம் ஆனதும் பெண்கள் விழித்துக்கொண்டார்கள். பத்திரிகை வருவது நின்றது. தாலியை ரவிக்கைக்குள் ஊக்கு குத்தி மறைத்துக்கொண்டு, மெட்டியைக் கழற்றி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். மேஜருக்குச் சந்தேகம் வந்தது. காயில் பிரிவுக்குள் தூசி வரக் கூடாது என்பதற்காகச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் போவார்கள். அந்த வாசலில் தினமும் காலையில் நின்று கால் விரல்களைப் பார்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு போட்டார். மெட்டி போட்ட விரலில் ஒரு வெளுத்த வளையம் இருக்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. அதைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி. ஸ்டாஃப் என்பதால் அந்தத் தாளுக்குத் தப்பி, என் கால் விரல்களில் மெட்டியைப் போட்டுக்கொண்டு, வயிற்றில் உன்னைச் சுமந்து பெற்றவள், இன்னொருத்தி காலில் மெட்டித் தழும்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். பட்டாபிராமில் அக்கம்பக்கத்தார் என்னைப் பெரிய வேலையில் இருப்பவள் என்றார்கள்.

அப்படித்தான் கஸ்தூரியைப் பிடித்தேன். கோவில்பதாகைப் பெண். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, பாதி மனையாகிப் போய் மீதியில் கீரையும் வெண்டைக்காயும் போட்டார்கள். பத்தொன்பது வயதில் சேர்ந்தாள். சேர்ந்த அன்று அவளிடம் அந்த நான்காவது தாளை நீட்டி, பேனாவையும் நான்தான் கொடுத்தேன். இது என்ன அக்கா என்று கேட்டதற்குச் சீருடைக்கான தாள் என்றேன். கம்பெனியில் அவளை மிஞ்சிக் காயில் சுற்ற ஆள் கிடையாது. ஐந்தாறு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை வாசலில் அவள் கால் விரலில் வளையத்தைப் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மேஜரிடமும் சொல்லவில்லை. நான் நல்லவள் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதே. அடுத்த திங்கட்கிழமை என் மேசைக்கடியில் ஒரு பை இருந்தது, உள்ளே முளைக்கீரை, வெண்டைக்காய். நான் கேட்கவில்லை. தான்தான் வைத்தது என்று அவளும் சொல்லவில்லை. பதினோரு மாதம் வாரம் தவறாமல் வந்தது. அந்தக் கீரையை நீ சாப்பிட்டாய். உன் அப்பா ஃபாக்டரியிலிருந்து வந்து, இந்தக் கீரை எங்கே வாங்குகிறாய், இவ்வளவு இளசாக இருக்கிறதே என்று கேட்பார். தெரிந்தவர்கள் கொடுத்தார்கள் என்பேன்.

பதினோரு மாதம் கழித்து ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் நான் உட்காரும் டைம் ஆபீசுக்கு வந்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறாள். புடவைத் தலைப்பை இழுத்து முன்னால் போர்த்தியிருந்தாள், அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, எனுக்கு வேற ஒண்ணும் வோணாம். மூணு மாசம் லீவு குட்தா போதும். கொயந்தைய எங்கம்மாகிட்ட வுட்டுட்டு ஓடியாந்துர்றேன். ஊட்டுக்காரருக்கு ஷெட்டுல வேல போயி நாலு மாசமாவுது. எனுக்கு இந்த வேல கீதுன்னுதான் மாமியா ஊட்ல வச்சிகினு கீறாங்க. அந்தப் பேப்பர மட்டும் வெளிய எடுக்காதீங்கக்கா."

பார்க்கலாம் என்றேன். பிரசவ விடுப்புச் சம்பளம் கம்பெனி கையிலிருந்து போவதில்லை, ஈ.எஸ்.ஐ. கொடுக்கும். மேஜருக்கு அது தெரியாது, கம்பெனி பணம் வீணாகிறது என்றே கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், அதற்கான ஃபாரங்களை நிரப்பத் தெரிந்த ஒரே ஆள் நான். போய் அவரிடம் அதை எடுத்துச் சொல்லியிருந்தால் போதும். சட்டப் புத்தகத்தின் மேலிருந்த டம்ளரை நகர்த்திப் பக்கத்தைக் காட்டியிருக்கலாம். நான் அன்று மதியமே மேஜர் அறைக்குப் போனேன். போய், கஸ்தூரிக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் கர்ப்பம், இன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது சார் என்று சொன்னேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொன்னேன். அவள் அந்தத் தாளைப் பற்றிப் பேசினாளே, அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பதினோரு மாதம் தெரிந்தே மறைத்தேன் என்று வெளியே வந்தால் என் வேலை போய்விடும் என்று பயந்தேன். அந்த வருடம் ஆபீசர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. பீரோவைத் திறந்தேன், அன்றைய தேதியைப் போட்டேன்.

மறுநாள் காலை, வேலைக்கு வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போகிற டோக்கன் பலகையில் அவள் டோக்கன் இல்லை. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். நான் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று பதில் அனுப்பினேன். மீட்டிங் எதுவும் இல்லை, தபால் பிரித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் வரை கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாளாம். பிறகு யாரோ சொல்லிக்கொடுத்து லேபர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டாள். மேஜருக்கு அது பெரிய அவமானம். கம்பெனி காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார், வழி முழுக்க எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபடி வந்தார். அங்கே பெஞ்சில் நிறைமாதமாக உட்கார்ந்திருந்தாள். அதிகாரி தாளைக் காட்டி, இது உன் கையெழுத்துதானா என்று கேட்டார்.

"கையெய்த்து என்துதான் சார். அத போட்டப்போ எனுக்குப் பத்தொம்பது வயசு. வேலைக்கு சேர்ற அன்னிக்கே எவளாச்சும் வேலைய வுட்டுப் போறேன்னு எய்தித் தருவாளா? அந்த மேடத்தக் கேளுங்க, பேனா குட்தது அவங்கதான்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். இவர் இந்தக் கடிதத்தை உங்களிடம் கொடுத்தபோது இதில் தேதி இருந்ததா என்று கேட்டார். நான் "இருந்தது சார்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. மேஜர் போன்றவர்களுக்கு மீசை மட்டும்தான், வேலையை முடித்துக் கொடுப்பது என்னைப் போன்றவர்கள்தான். சமரசம் இல்லை என்று எழுதி முடித்தார்கள். மேற்கொண்டு கோர்ட்டுக்குப் போய் வருடக்கணக்கில் அலைய அவளிடம் ஆளும் இல்லை, தெம்பும் இல்லை. அடுத்த மாதம் எனக்கு ஆபீசர் பதவியும் சுழல் நாற்காலியும் வந்தன. எங்கம்மா ஆபீசர் என்று நீ பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாய். நான் உன்னைத் தடுக்கவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிய மாமியார் வீட்டார் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. கோவில்பதாகையிலேயே தங்கிவிட்டாள். ஒன்றிரண்டு வருடத்தில் கம்பெனி காயில் வேலையைக் கான்ட்ராக்டரிடம் கொடுத்து வீடுகளில் சுற்றி வாங்க ஆரம்பித்தது. அதில் ஒரு கட்டு வந்தபோது, கடைசிச் சுற்றை முடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் யார் கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதே கம்பெனிக்கு, அதே காயிலை, டோக்கனும் லீவும் ஈ.எஸ்.ஐ.யும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். தரம் கூடியிருக்கிறது, தொந்தரவு குறைந்திருக்கிறது என்று மேஜர் முதலாளியிடம் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்.

அதற்குப் பிறகு அவளை ஒரே ஒரு தடவை பார்த்தேன். அன்றைக்கு ஒரு வேலையாக ஆவடிக்குப் போய்விட்டு அங்கே ரயில் ஏறினேன், கூட்டம், நிற்க இடமில்லை. ஜன்னலோரம் இருந்த ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு எழுந்து, "உக்காருங்க மேடம்" என்றாள். கஸ்தூரி. கோபமாகவும் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. அக்கா என்று கூப்பிட்டவள் மேடம் என்றாள், அது ஒன்றுதான் வித்தியாசம். நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்தேன். பட்டரவாக்கம் வரை அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், நான் உட்கார்ந்து வந்தேன். பிள்ளைக்கு என்ன பெயர் என்றுகூடக் கேட்கவில்லை. என்னை நான் எவ்வளவு கேவலமாக நினைக்கிறேன் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதனால் நடந்ததை எழுதியிருக்கிறேன்.

உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் உங்கள் தொழிலில் யோக்கியதை பார்த்து யாரும் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை என்பதால் நானும் சொல்கிறேன். வேலைக்கு வருகிறவளிடம் எப்போது கல்யாணம் என்று கேட்காதே, நீ மாமியார் இல்லை. ஒருத்தி பெரியப்பா செத்துவிட்டார் என்று லீவு கேட்டால், போன வருடமும் ஒரு பெரியப்பா செத்தாரே என்று ஃபைலைப் புரட்டாதே. நான் புரட்டியிருக்கிறேன், இரண்டு பெரியப்பாவும் நிஜமாகவே செத்திருந்தார்கள். சட்டம் ஒருத்திக்கு ஏதாவது கொடுக்கிறது என்றால் அவள் கேட்கும் முன்பே அதைச் சொல், அதற்குத்தான் உனக்குச் சம்பளம். கேட்டை மூடுகிற ஆளாக இருப்பதற்கு எம்.ஏ. படித்திருக்க வேண்டாம். போன வாரம் மீனாவின் அப்பாவிடம், கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலைக்குப் போகலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னாய். உன்னிடம் யார் அனுமதி கேட்டார்கள்? அவள் இன்ஷூரன்ஸ் ஆபீசில் சேர்ந்தபோது உன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. உன் வீட்டுப் பெண் வேலையை விடக் கூடாது, அடுத்த வீட்டுப் பெண்கள் நாற்பது பேரும் விடுவதாக இப்போதே எழுதித் தர வேண்டும். இதை எந்த ஹோட்டலில் பலூன் ஊதிக் கற்றுக்கொண்டாய்?

நீ கெட்டவன் இல்லை என்று உன் அப்பா நேற்றும் சொன்னார். கெட்டவர்கள் அந்த வேலைக்கு வருவதே இல்லை. உன்னையும் என்னையும் போல நன்றாகப் படித்த, அம்மா அப்பாவை மதிக்கிற, அழகாகத் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள்தான் வருகிறோம். மேலே இருப்பவன் சொன்னான் என்று ஒரு கையைக் காட்டுவோம், எல்லா இடத்திலும் இருப்பதுதான் என்று மறு கையைக் காட்டுவோம். எழுதிய கை எது என்று மட்டும் சொல்ல மாட்டோம். உன் மேனேஜரிடம் முடியாது என்று சொல்ல உனக்குப் பயமாக இருக்கும். கல்யாணம் வைத்திருக்கிறாய், புது வேலை, பயம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. அந்தப் பயத்தில் நான் என்ன ஆனேன் என்பதற்குத்தான் இத்தனை பக்கம்.

மூன்று தாள்களையும் திருத்தி ஃபைலில் வைத்திருக்கிறேன். விதிகளில் பதினோரு எழுத்துப் பிழை இருந்தது. நான்காவதை நான் திருத்தவில்லை, கிழிக்கவும் இல்லை. கிழித்தால் நீ இன்னொன்று அடிப்பாய். நாளைக்கு அதை ஜெராக்ஸ் போட்டு நாற்பது பேரிடமும் கையெழுத்து வாங்கினால் என்னால் தடுக்க முடியாது. உன் மேனேஜர் முதுகில் தட்டுவார், உனக்கும் ஒரு சுழல் நாற்காலி வரும். ஆனால் என்றைக்காவது அந்த நாற்பது பேரில் ஒருத்தி உன் மேல் மனு கொடுப்பாள். அதிகாரி உன்னிடம் தேதி இருந்ததா என்று கேட்பார். நீ என் பிள்ளை, என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு சாட்சி வேண்டும். நான் ரயில் ஏறிப் போவேன். பெயர் கேட்பார்கள், வயது கேட்பார்கள், கம்பெனி ஆபீசர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். நான் பெற்ற மகன் சார் என்று சொல்வேன். இந்தத் தாளைத் தேதி இல்லாமல் என் மடியில் கொண்டுவந்து வைத்தவன் இவன்தான் என்றும் சொல்வேன்.

அம்மா